மழைக்கு ஒரு கண்ணாடி, சிரிப்புக்கு ஒரு நாடா

அண்ணாச்சி,

இன்று காலை முக்குக் கடையில் புகையிலை வாங்கினேன். வெற்றிலை கேட்காமல், பாக்கு கேட்காமல், வெறும் புகையிலையை மட்டும் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், இந்த வயசுல புதுசா ஆரம்பிக்கீகளா?" என்றார். "எனக்கு இல்ல, சைக்கிளுக்கு" என்றேன். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மதியத்துக்குள் தெருவில் என்னைப் பற்றி ஒரு செய்தி சுற்றி வந்திருக்கும். வரட்டும். மற்றவர்களைப் பற்றி நான் சுற்றவிட்ட செய்திகளுக்குப் பதில் மரியாதை என்று ஒன்று உண்டல்லவா?

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் நெடி மூக்கில் ஏறியது. முதலில் தும்மல் வந்தது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். வெளியே தூறல். புகையிலையை லேசாக நனைத்து, ஒரு துணியில் வைத்து, என் சைக்கிள் ஹேண்டில்பாரில் இருக்கும் உங்கள் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்துவிட்டு, சைக்கிளைத் தூறலில் தள்ளி நிறுத்தினேன். துளிகள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் சறுக்கி இறங்கின. கண்ணாடி தெளிவாக இருந்தது. தெளிவாகத் தெரிந்தது என் முகம் என்பதுதான் அதற்குப் பிடித்த கஷ்டகாலம்.

நம் ஊரில் மழை பெய்தால் யாரும் வெளிப்படையாகச் சந்தோஷப்படக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? வெயிலில் காய வேண்டிய சரக்கு காயாது. வானத்தில் ஒரு மின்னல் வெட்டினால் போதும், பட்டாசுக் கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலோ காகிதம் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலாளி முகமும் அப்படியே. இப்படி ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாகச் சைக்கிளில் கிளம்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதுவும் ஸ்கூட்டர் வாங்க வசதி இருந்தும்.

"ஏ, ஊரு காய வழியில்லாமக் கிடக்கு. இவுக ரெண்டு பேரும் நனையப் போறாகளாம்ல!" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து கேட்கும். உங்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். நான் அதை உங்களுக்குச் சொல்வேன். அதுதானே நம் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை வைத்தது உங்கள் வீட்டு மதினி. குடோனுக்கு மாறுவதற்கு முன்பு, கம்பெனியில் நீங்கள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சோதனைச் சரக்கு நேரம் தப்பி வெடித்து உங்கள் வலது காதைக் கொண்டுபோய்விட்டது. ரோட்டில் லாரி நம்மை முந்துவது வலது பக்கம். போன காதும் வலது காது. டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொல்லி, சைக்கிள் ஓட்டச் சொல்லி, நான் துணைக்கு உங்களைக் கூப்பிட வந்த அன்று மதினி வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"தம்பி, கூட்டிட்டுப் போங்க. வேணாங்கல. ஆனா நீங்க பின்னாடிதான் வரணும். வண்டி வந்தாக் கத்தணும். அவுக இடது காதுல விழுற மாதிரி கத்தணும். என்னைக்கு அதுவும் கேக்கலன்னு எனக்குத் தெரியுதோ, அன்னைக்கே சைக்கிளப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"மதினி, கத்துறதுக்கு என்னைய விட்டா இந்த ஜில்லாவுல ஆளு ஏது?" என்றேன்.

"அது தெரிஞ்சுதான் விடுறேன்" என்றார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை.

உங்களுக்குச் சைக்கிள் வெறும் சைக்கிள் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். காது போன பிறகு நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தீர்கள். நாலு பேர் பேசும் இடத்தில் உட்கார்ந்து யார் வாயைப் பார்ப்பது என்று திணறுவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. எதிரே ரோடு, பின்னால் நான். அதையும் பிடுங்கினால் குடோன், வீடு, கட்டில் அவ்வளவுதான் மிச்சம்.

சாமான் வாங்க சைக்கிள் கடைக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்தது: குஞ்சம் வைத்த வெல்வெட் சீட் கவர், ஹேண்டில்பாரில் தொங்கவிட ஏழு நிறப் பிளாஸ்டிக் நாடா, ரப்பர் உருண்டையை அமுக்கினால் எருமை மாதிரி கத்தும் ஹாரன், டயரை ஒட்டினாற்போல் பளபளவென்று ஒரு மட்கார்டு. நீங்கள் என் கையில் இருந்ததைப் பார்த்தீர்கள்.

"ஏலே, மாப்பிள்ளை ஊர்வலமா போறோம்?"

"அழகா இருக்குல்ல அண்ணாச்சி?"

"அழகாத்தான் இருக்கு. கரிசக்காட்டுல நடந்து வரும்போது சொல்லு."

நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடையிலிருந்த மட்கார்டு ஒவ்வொன்றையும் டயர் மேல் வைத்து, நடுவில் விரலை விட்டுப் பார்த்தீர்கள். விரல் தாராளமாகப் போய்வந்த ஒன்றை எடுத்தீர்கள். அடியில் தொங்கவிட, பழைய லாரி டியூப்பில் ஒரு அகலத் துண்டு வெட்டித் தரச் சொன்னீர்கள். செயினுக்கு முழு மூடி. சீட்டுக்கு ஜவுளிக்கடைப் பை. "மேல இருந்து வர்ற தண்ணி ஒண்ணும் செய்யாதுலே. டயர் வாரி அடிக்கிற தண்ணிதான் சனியன். அது மூஞ்சிக்கு வராம இருந்தா மழை நல்ல மழை."

வெம்பக்கோட்டை அணைக்குப் போகும் வழியில், காட்டுப் பாதையில் இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே என் மட்கார்டுக்குள் கரிசல் மண் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. வெல்வெட் சீட் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு என் வேட்டிக்குத் தானம் செய்துகொண்டிருந்தது. என்னைச் சுமக்கத்தான் சைக்கிள் வாங்கினேன், அன்று அதை நான் தோளில் சுமந்தேன். நீங்கள் முன்னால் மெதுவாக உருட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தீர்கள். "அழகா இருக்குலே!" என்று கத்தினீர்கள்.

அடுத்த மழைக்கு நானே ஒரு ரெயின்கோட் தயாரித்தேன். பிரஸ்ஸில் நிறம் தவறிப்போன பிளாஸ்டிக் ஷீட் கிடந்தது, பட்டாசு மொத்தப் பாக்கெட்டுக்கு அடித்தது. அதில் தலைக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டேன். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியம்தான், நம் ஊரில் மட்டும் செய்யக்கூடிய காரியமும் அதுதான். முன்னால் இரண்டு ராக்கெட். பின்னால், என் முதுகு முழுக்க, பெரிய எழுத்தில்: 'பற்ற வைத்தவுடன் தூர விலகி நிற்கவும்.' நான் அதைக் கவனிக்கவில்லை. எழுத்துப் பிழை பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் முதுகை வாசிக்க முடிவதில்லை. லாரிக்காரர்கள் என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, விலகி, சிரித்துக்கொண்டே போனார்கள். என் முகராசி என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் திருப்பத்தில் என்னை முன்னால் விட்டு, பின்னால் வந்து வாசித்துவிட்டு, சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "இதைக் கழட்டாதலே. நாம வாங்குன சாமான்லயே உருப்படியானது இதுதான்" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி வந்தது. பழைய மொபெட் ஒன்றில் இருந்த வட்டக் கண்ணாடியை வாங்கி, உங்கள் வலது கைப்பிடியில் பொருத்தியிருந்தீர்கள். சைக்கிளுக்குக் கண்ணாடியா என்று தெருவே கேட்டது. நானும் கேட்டேன், கொஞ்சம் கூடுதலாகவே. "மீசை பாக்கவா அண்ணாச்சி? இல்ல, கம்பெனியில புதுசா யாரும் வேலைக்குச் சேந்துருக்காகளா?" நீங்கள் சிரித்துக்கொண்டே புகையிலைத் துண்டால் அதைத் துடைத்தீர்கள். லாரி டிரைவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை என்றீர்கள். அதற்காகவே சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வைத்திருந்தீர்கள்.

அந்த மழைக்காலம் என் வாழ்க்கையின் பொற்காலம் என்று நினைத்திருந்தேன். ஆபீஸ் வம்பு, தெரு வம்பு, பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்பி அவர்கள் திருப்பி அனுப்பிய நகைச்சுவை எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் சரமாரியாக வெடித்தேன். கிளம்பும் முன்பு காலை இட்லி சாப்பிடும்போதே என் வீட்டுக்காரியிடம் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவேன். அவள் சிரிக்கமாட்டாள். "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்பாள். ஆனால் ரோட்டில் நான் கதையை முடித்ததும், ஒரு நொடி விட்டு, உங்கள் தோள் குலுங்கும். இப்படி ஒரு ரசிகர் எவனுக்குக் கிடைப்பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். நெஞ்சை நிமிர்த்தியதாக நினைத்தால் வயிறு நிமிரும், அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். மழையில் போய்வந்த சாயங்காலமெல்லாம் மதினி கருவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். உங்கள் கொல்லையில் ஆளுயரத்துக்குக் கருவேப்பிலைச் செடி நின்றது. அடுப்படியில் இரண்டு பேரும் குசுகுசுவென்று ரொம்ப நேரம் பேசுவார்கள். வம்பு பேசுவது என் தொழில், அதில் வீட்டுக்குள்ளேயே போட்டி என்றால் மனசு தாங்குமா?

கார்த்திகை மாதம், நல்ல மழை. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி இன்னும் திறக்கவில்லை. நீங்கள் வாசலில் நின்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"பொட்டலத்தைக் காணோம்லே."

"குப்பையில போட்டேன்" என்று உள்ளேயிருந்து மதினி குரல். "சட்டை துவைக்க எடுத்தாப் புகையிலை நாத்தம். இந்த வயசுல இது என்ன பழக்கம்?"

நீங்கள் இன்னும் பையைத்தான் தடவிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் சிரித்தேன். "விடுங்க அண்ணாச்சி, ஒரு நாளைக்கு மீசை தெரியாட்டா என்ன?" நீங்கள் என் வாயையே பார்த்தீர்கள். கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்தமாதிரி இருந்தது. பிறகு பெடலை மிதித்தீர்கள்.

அணைக்குப் பாதி தூரத்தில் மழை வலுத்தது. உங்கள் கண்ணாடி முழுக்க துளி. நீங்கள் ஒரு கையால் துடைப்பதும், அது உடனே மறைவதுமாக இருந்தது. நான் பிரஸ்ஸில் முதலாளியின் மச்சினன் மை டப்பாவில் உட்கார்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்தேன். தோள் குலுங்கவில்லை. கதையில் ஏதோ குறை என்று நினைத்து, முடிவை மறுபடி சொன்னேன். அப்போதும் இல்லை. அந்த நேரத்தில்தான் பின்னால் லாரி வந்தது.

"லாரி!" என்றேன். நீங்கள் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தீர்கள். "அண்ணாச்சி, லாரி!" லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். காட்டுக்குள் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. முழு மூச்சாக மிதித்து, உங்கள் கேரியரைப் பிடித்து இடது பக்கம் தள்ளினேன். இரண்டு பேரும், இரண்டு சைக்கிளும், என் இரண்டு ராக்கெட்டும் ஓடைத் தண்ணீருக்குள் போய் விழுந்தோம். லாரி தாண்டிப் போனது. போகிற போக்கில் டிரைவர் சொன்னதை இந்த மடலில் எழுத முடியாது.

முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு நான் உங்களையே பார்த்தேன். நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள்.

"கேக்கலையா?" என்றேன். உங்கள் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுவும் போயிருச்சுலே" என்றீர்கள். "ஆடி மாசத்துல இருந்தே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும்.

"அவகிட்ட சொல்லிராத. சைக்கிளப் பழைய இரும்புக்குப் போட்டுருவா. சொன்னாச் செய்யிறவ." மழைத் தண்ணீர் மூக்கில் வழிய, என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "கண்ணாடி இருந்தாச் சமாளிச்சுக்குவேன். லாரி தெரியும். உன் மூஞ்சி தெரியும்."

மெதுவாக ஒரு சந்தேகம் எழுந்தது. லாரியைவிட அது பெரிதாக வந்து மோதியது. வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்: "அப்ப... நான் சொன்ன... கதையெல்லாம்?"

"உன் வாயி நிக்கும்ல, அப்பச் சிரிப்பேன்."

ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும், அண்ணாச்சி! நான் நிமிர்த்திய நெஞ்சையெல்லாம் அந்த ஓடையிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

வீடு வரும்வரை உருட்டிக்கொண்டே வந்தோம். மதினியிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் சைக்கிள் போகும். சொல்லாமல் இருந்து, இன்னொரு நாள் கண்ணாடியும் கைவிட்டால் நீங்களே போவீர்கள். வழி நெடுக அதைத்தான் யோசித்தேன். கடைசியில் ஆமத்தூரில் சந்தைக்கு மாடு பிடித்துப் போகிறவர் ஒருவரைப் பார்த்த ஞாபகம் வந்தது. நீளக் கயிறு, லேசாக ஒரு சுண்டு, மாடு ஒதுங்கும். உங்களிடம் சைகையில் காட்டினேன். "என்னைய மாடுங்கியாலே?" என்றீர்கள். ஆனால் கண் மின்னியது.

சாமான் தேர்வு செய்வதில் உங்களை மிஞ்ச முடியுமா? சணல் நனைந்தால் விறைத்துக்கொள்கிறது என்று தள்ளினீர்கள். நைலான் கையை அறுக்கிறது என்று தள்ளினீர்கள். கடைசியில் தேறியது பாவாடை நாடா. நனைந்தாலும் மெத்தென்று இருக்கிறது, சுண்டினால் கைக்குத் தெரிகிறது. ஒரு முனை என் ஹேண்டில்பாரில். மறுமுனை உங்கள் இடது மணிக்கட்டில். அதில் ஒரு பிரஸ் பட்டன் தைத்துக்கொண்டு வந்தீர்கள். யாராவது விழுந்தால் பட்டன் பிரிந்துகொள்ளும், ஒருவரை ஒருவர் இழுத்துப் போட மாட்டோம். தையல் வெகு நேர்த்தி. "அண்ணாச்சி, இந்தக் கலை எப்பருந்து?" என்று கேட்டேன். மழுப்பினீர்கள்.

ஒரு சுண்டு என்றால் வண்டி வருது, ஒதுங்கு. இரண்டு என்றால் நில். மூன்றாவது அடையாளத்தை நீங்களே சேர்த்தீர்கள். மூன்று சுண்டு என்றால் கதை முடிந்தது, சிரி.

"எதுக்கு அண்ணாச்சி? கேக்கவே இல்லையே, சிரிச்சு என்ன?"

"உனக்குத்தாம்லே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை மழை! "அண்ணாச்சிய நாடா கட்டி ஓட்டிட்டுப் போறான்" என்று தெரு சிரித்தது. நானும் கேட்காத காதுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். விட்டுவிடலாம் என்று ஒருநாள் பேசாமல் வந்து பார்த்தேன். நீங்கள் கண்ணாடியில் என் மூடிய வாயைப் பார்த்து, சைக்கிளை நிறுத்தி, "என்னலே, வீட்ல சண்டையா?" என்று கேட்டீர்கள். மறுபடி ஆரம்பித்தேன். மூன்று சுண்டு. தோள் குலுங்கும். பொய்ச் சிரிப்புதான் என்று தெரியும். ஆனாலும் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போனது ரோட்டில் இல்லை. மதினி பயந்ததும் நான் பயந்ததும் நடக்கவில்லை. ஒரு துளி மழை இல்லாத சித்திரையில், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவரவில்லை. உங்களைத் தூக்கிப் போகும்போது நானும் பின்னாலேயே நடந்தேன். பழக்கம்.

அந்த வருஷம் முதல் மழை பெய்த சாயங்காலம், மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படிக்குப் போகவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து கண்ணாடியையும் நாடாவையும் எடுத்து வைத்தார்.

"நீங்களே வச்சுக்கோங்க தம்பி."

பட்டனைத் தடவிப் பார்த்தேன். "அண்ணாச்சி என்னமாத் தச்சுருக்காக, பாருங்க."

"அவுகளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்றார் மதினி. "நாந்தான் தச்சேன். டிபன் பாக்ஸ் கட்டணும்னு பொய் சொன்னாக. கைக்கு அளவெடுத்துத் தச்சேன்."

நான் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மழையில போய்ட்டு வந்ததும் என்கிட்ட வருவாக. 'மழைச் சத்தத்துல அவன் சொன்னது சரியாக் கேக்கல, அவன் வீட்ல என்ன கதைன்னு கேட்டுட்டு வா'ம்பாக. எல்லா நாளுமா மழைச் சத்தம்? நான் வந்து உங்க வீட்டுத் தங்கச்சிகிட்டக் கேப்பேன். காலைல இட்லி திங்கும்போது நீங்க சொன்னத அது அப்படியே சொல்லும். நான் போயி, வாயப் பாத்துப் புரியுற மாதிரி மெதுவாச் சொல்லுவேன். உங்க வேகத்துக்குச் சொன்னாக் காது கேக்குறவுகளுக்கே புரியாது. அதுக்குப் பிறகு சிரிப்பாக பாருங்க... கட்டில் ஆடும்."

"தெரிஞ்சுமா சைக்கிள விட்டு வச்சீக?"

மதினி நாடாவை மடித்தார், பிரித்தார். "தெரியும்னு காட்டிக்கிட்டா நிறுத்தணும் தம்பி. நான் சொன்ன சொல்லு அப்படி. அதான் தெரியாமயே இருந்துட்டேன்."

அடுப்படியில் என் வீட்டுக்காரி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். இட்லி ஆறுகிறது என்று சொன்னவள் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறாள். என்னைச் சுற்றி எல்லாரும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு அங்குமிங்கும் போய்வந்திருக்கிறார்கள். ஊர் வம்பெல்லாம் தெரிந்த எனக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை.

இன்று அணை வரைக்கும் போய்வந்தேன், அண்ணாச்சி. மட்கார்டில் விரல் தாராளமாகப் போகிறது. சீட்டில் ஜவுளிக்கடைப் பை. முதுகில் அதே எச்சரிக்கை. நான் முன்னால், எனக்குப் பின்னால் வெறும் ரோடு. கண்ணாடியில் அது மழையோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது. புகையிலை வாங்கிய கதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

சாயங்காலம் மதினி வந்தார். இப்போது கருவேப்பிலை எல்லாம் கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன கதை தம்பி?" என்று நேராகவே கேட்டார். சொன்னேன். கடைக்காரர், டீ கிளாஸ், சைக்கிளுக்குப் புகையிலை எல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

மதினி உடனே சிரிப்பதில்லை. கதையை வாங்கி, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுச் சிரித்தே அவருக்குப் பழக்கம். முடிந்ததும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருக்கிறார். அந்த நேரத்தில் என் விரல் தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது. அங்கே மடித்து வைத்திருக்கும் நாடாவை ஒன்று, இரண்டு, மூன்று என்று சுண்டுகிறது.

அதன் பிறகு மதினி சிரிக்கிறார்.